அணுமின் நிலையத்துக் கழிவெண்ணெய்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் பழைய எந்திர எண்ணெயை எரிக்கும் சூளைகளைப் பற்றி எழுதியபோது, அணுமின் நிலையங்களில் சேரும் கழிவெண்ணெய் வேறு விதிகளுக்கு உட்பட்டது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்திருந்தோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு காரைக்குடி வட்டாரத்து வாசகர்கள் எழுதிய கடிதங்களே இம்மாதப் பகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டன.

கேள்வி: என் மாப்பிள்ளை அணுமின் நிலையம் ஒன்றில் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றுகிறார். பொங்கலுக்கு வந்திருந்தபோது, பம்புகளிலிருந்து வடித்த பழைய எண்ணெய் டிரம் டிரம்மாகத் தனிக் கொட்டகையில் இருப்பதாகவும், அதில் லேசான கதிரியக்கம் இருப்பதால் விற்கவும் முடியாமல் கொட்டவும் முடியாமல் வைத்திருப்பதாகவும் சொன்னார். அணு உலையில் எண்ணெய்க்கு என்ன வேலை? கதிரியக்கம் அதில் எப்படி ஏறுகிறது? அந்தக் கொட்டகைக்குப் போய்வருவதால் அவருக்குத் தீங்கு வருமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, தேவகோட்டை

பதில்: அம்மா, எண்ணெய் உலைக்குள் போவதில்லை, உலையைச் சுற்றி இயங்கும் எந்திரங்களுக்குத்தான் அது தேவைப்படுகிறது. உலையின் வெப்பத்தை ஏந்திச் செல்லும் நீரைச் சுழற்றும் பெரிய பம்புகளின் பேரிங்குகள், டர்பைன், கம்ப்ரசர்கள், வெற்றிடப் பம்புகள், எரிபொருள் மாற்றும் எந்திரத்தின் ஹைட்ராலிக் அமைப்பு என்று மசகெண்ணெய் இல்லாமல் ஓடாதவை அங்கே ஏராளம். எந்த ஆலையிலும் நடப்பதுபோல அந்த எண்ணெயும் சில ஆண்டுகளில் கறுத்து, நீர் கலந்து, வடித்து மாற்ற வேண்டிய நிலைக்கு வந்துவிடுகிறது.

கதிரியக்கம் எண்ணெயில் உண்டாவதில்லை, வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்கிறது. பம்பின் அச்சு வழியாகக் கசியும் துளி நீர், பராமரிப்பின்போது திறந்து வைத்த பாகத்தில் படியும் நுண்தூசி, கைமாறும் கருவிகள் ஆகியவைதாம் அதன் வழிகள். எந்தப் பொருள் ஒட்டுகிறது என்பது உலையின் வகையைப் பொறுத்தது. 1969-இல் இயங்கத் தொடங்கிய, மகாராஷ்டிரத்திலுள்ள தாராப்பூரின் முதல் இரண்டு உலைகளில் உலையில் எழும் நீராவியே நேராக டர்பைனுக்குப் போகிறது. ஆகவே டர்பைன் எண்ணெயையும் அங்கே சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். கூடங்குளத்தில் உலையைத் தொடும் நீர் ஒரு சுற்றிலும் டர்பைனுக்குப் போகும் நீராவி வேறொரு சுற்றிலும் ஓடுவதால், டர்பைன் எண்ணெய் பெரும்பாலும் எந்த அனல்மின் நிலையத்து எண்ணெயையும்போல இருக்கும். கல்பாக்கத்தில் 1984-லும் 1986-லும் வணிக மின்னுற்பத்தியைத் தொடங்கிய இரண்டு உலைகளும் கனநீரில், அதாவது ஹைட்ரஜனின் கனமான வகை கொண்ட நீரில், இயங்குபவை. கனநீர் உலையில் டிரிட்டியம் என்னும் கதிரியக்க ஹைட்ரஜன் தொடர்ந்து உண்டாகிக்கொண்டே இருக்கும். அது நீராவியாகக் காற்றில் கலந்து, எண்ணெய்க்குள் ஈரமாக இறங்கிவிடும். வெற்றிடப் பம்புகளின் எண்ணெய் இதை மற்ற எண்ணெய்களைவிட அதிகமாக வாங்கிக்கொள்ளும்.

இனி 'லேசான' என்பதற்கு வருகிறேன். ஒரு வினாடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல். எரிப்பதற்கோ புதைப்பதற்கோ காத்திருக்கும் எண்ணெயில் ஒரு கிராமுக்கு அரை பெக்கரல் கோபால்ட்-60 என்னும் கதிரியக்க உலோகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 200 லிட்டர் டிரம்மில் ஏறத்தாழ 174 கிலோ எண்ணெய் இருக்கும்; ஆக, டிரம் முழுவதும் 87,000 பெக்கரல். எண் பெரிதாகத் தெரிந்தாலும், அந்த டிரம்முக்கு ஒரு மீட்டர் தள்ளி நின்றால் உடலில் படும் கதிர்வீச்சு மணிக்கு 0.03 மைக்ரோசீவர்ட் அளவைத் தாண்டாது (சீவர்ட் என்பது உடல் வாங்கும் கதிர்வீச்சின் அலகு; ஆயிரம் மைக்ரோசீவர்ட் ஒரு மில்லிசீவர்ட்). தேவகோட்டையில் தங்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருக்கும்போதே மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் மணிக்கு 0.1 மைக்ரோசீவர்ட் அளவில் வந்துகொண்டுதான் இருக்கிறது. தங்கள் மாப்பிள்ளை சட்டைப்பையில் குத்தியிருக்கும் அளவி அட்டை ஆண்டு முழுவதும் இதைக் கணக்கெடுக்கிறது. நம் நாட்டில் கதிர்வீச்சுப் பணியாளருக்கான வரம்பு ஐந்தாண்டுக்கு 100 மில்லிசீவர்ட், எந்த ஓராண்டிலும் 30 மில்லிசீவர்ட்டுக்கு மிகாமல். மேலே சொன்ன வகை டிரம்கள் அந்த வரம்பின் பக்கத்தில்கூட அவரைக் கொண்டுபோகா. டிரிட்டியத்தின் கதிர் தோலைத் துளைக்காது. ஆனால் அந்த ஆவியை மூச்சில் இழுத்தாலோ, எண்ணெய் கையில் பட்டாலோ உடலுக்குள் போகும் என்பதால் கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். அந்தக் கொட்டகையில் நான் முதலில் அஞ்சுவது தீயைத்தான்.

அப்படியானால் ஏன் விற்கவும் கொட்டவும் முடியவில்லை? கதிரியக்கக் கழிவைப் புதைக்கும் கிடங்கு திரவத்தை ஏற்காது. எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலை கதிரியக்கத்தை ஏற்காது. இரண்டு வாசலும் மூடிக்கிடக்கும்போது டிரம் கொட்டகையிலேயே தங்கிவிடுகிறது. இந்த எண்ணெயின் சங்கடம் அதன் வீரியத்தில் இல்லை, எந்தப் பட்டியலிலும் அடங்காத அதன் தன்மையில் இருக்கிறது.

கேள்வி: எங்கள் அரிசி ஆலையின் ஜெனரேட்டரிலும் கியர் பெட்டிகளிலும் மாற்றிய பழைய ஆயிலை, வேன் கொண்டுவந்து எடுத்துச் செல்லும் ஒருவரிடம் கொடுத்துவருகிறோம். எரிக்கும் எண்ணெய் வாங்கும்போது அணுமின் நிலையத்து ஆயில் அதில் கலந்து வந்துவிட வாய்ப்பு உண்டா? லேசான கதிரியக்கம்தான் என்றால், ஒரு லிட்டரை ஆயிரம் லிட்டர் நல்ல எண்ணெயில் கலந்து விட்டுவிட்டால் கதை முடிந்துவிடாதா?
— அரிசி ஆலை உரிமையாளர், புதுவயல்

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது கணக்குத் தெரிந்த எல்லோருக்கும் தோன்றும் யோசனை. ஆயிரம் லிட்டரில் கலந்தால் ஒரு கிராமுக்கான அளவு ஆயிரத்தில் ஒன்றாகக் குறையும். மொத்தத்தில் ஒரு பெக்கரல்கூடக் குறையாது. இந்த வழியைத் திறந்துவிட்டால் எவ்வளவு கடுமையான கழிவையும் தண்ணீர் சேர்த்தே சட்டத்துக்குள் கொண்டுவந்துவிடலாம். அதனால்தான் விடுவிப்பு அளவை எட்டுவதற்காகவே வேண்டுமென்று நீர்த்துப்போகச் செய்வதைக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் முன் அனுமதியின்றிச் செய்யக்கூடாது என்று சர்வதேச அணுசக்தி முகமையின் பாதுகாப்புத் தரங்கள் சொல்கின்றன.

விடுவிப்பு அளவு என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பொருளில் உள்ள கதிரியக்கம் அதை யார் எடுத்து எப்படிப் பயன்படுத்தினாலும் ஆண்டுக்கு 10 மைக்ரோசீவர்ட் என்ற மிகச் சிறிய அளவுக்கு மேல் யாருக்கும் கதிர்வீச்சைத் தராது என்றால், அதைச் சாதாரணப் பொருளாகக் கருதி வெளியே விடலாம் என்பது கொள்கை. அந்தக் கணக்கிலிருந்து கோபால்ட்-60, சீசியம்-137 இரண்டுக்கும் கிராமுக்கு 0.1 பெக்கரல் என்றும், வீரியம் குறைந்த டிரிட்டியத்துக்கு 100 பெக்கரல் என்றும் அட்டவணை போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த அட்டவணை திடப்பொருள்களுக்காகப் போட்டது. எண்ணெய் எரியும், ஆவியாகும், பாய்லர்காரர் அதன் புகையை மூச்சில் இழுப்பார். ஆகவே அந்த வழிகளையெல்லாம் தனியே கணக்கிட்டுத்தான் எண்ணெய்க்கு முடிவு செய்ய வேண்டும். அட்டவணையில் உள்ள எண்ணைக் காட்டி டிரம்மை வாசலுக்கு உருட்டிவிட முடியாது.

நம் நாட்டில், கதிரியக்கக் கழிவைப் பாதுகாப்பாக அகற்றுவதற்கென 1987-இல் வகுத்த விதிகளின்படி, எந்தக் கழிவை எவ்வளவு, எந்த வழியில் அகற்றலாம் என்பதற்கு நிலையம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். அகற்றிய ஒவ்வொன்றுக்கும் பதிவேடு வைக்க வேண்டும். தாங்கள் விற்கும் பழைய ஆயில் வருவது 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் கீழ். அவ்விதிகள் கதிரியக்கக் கழிவு தமக்குள் அடங்காது என்று தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடுகின்றன. இரண்டும் வெவ்வேறு பாதைகள். நிலையத்தின் வாயில்களில் ஆட்களையும் வாகனங்களையும் கதிரியக்கத்துக்காகச் சோதிக்கும் கருவிகளும் உண்டு. எனவே, புதுவயலுக்கு வரும் எண்ணெயில் அது கலந்திருக்குமோ என்று தாங்கள் உறக்கம் இழக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2010-இல் தில்லி மாயாபுரியின் பழைய இரும்புச் சந்தைக்குக் கோபால்ட்-60 வந்து சேர்ந்து, ஒருவர் உயிரிழந்தார், பலர் பாதிக்கப்பட்டனர். அந்தக் கோபால்ட் அணுமின் நிலையத்திலிருந்து வரவில்லை. பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் பயனற்றுக் கிடந்த கருவி, உள்ளே இருப்பது இன்னதென்று யாரும் கவனிக்காமல் ஏலத்தில் போய்விட்டது. அந்தக் கருவியின் வீரியத்துக்கும் நாம் பேசும் எண்ணெய்க்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். என்றாலும், கழிவு காணாமல் போவது கசிவினால் என்பதைவிட, பதிவேடு மறந்துபோவதனால்தான் என்பதற்கு அது சாட்சி. டிரம்களை ஆண்டுக்கணக்கில் கொட்டகையில் வைத்திருப்பதை நான் விரும்பாததற்கும் அதுவே காரணம்; வைத்தவர் ஓய்வுபெற்றுப் போய்விடுவார், டிரம்மில் ஒட்டிய தாள் வெயிலில் வெளுத்துவிடும்.

தங்கள் ஆலையின் பழைய ஆயிலைப் பற்றிக் கேட்காமலேயே ஒரு வார்த்தை: வேன்காரரிடம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் மட்டுமே அதைக் கொடுக்கலாம். ஈயமும் மற்ற உலோகங்களும் கலந்த அந்த எண்ணெய் ஏதோ ஒரு சூளையில் அளவின்றி எரிவது, அளந்து பூட்டி வைத்த கதிரியக்க எண்ணெயைவிட நம் வட்டாரத்துக்கு அதிகத் தீங்கு செய்கிறது என்பது என் கருத்து.

கேள்வி: நான் ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறை வைத்திருக்கிறேன். கதிரியக்கக் கழிவைச் சிமென்ட்டில் கலந்து கட்டியாக்கிப் புதைப்பார்கள் என்று படித்தேன். எண்ணெயையும் அப்படியே சிமென்ட்டில் போட்டு இறுக்கிவிட்டால் என்ன? எங்கள் பட்டறையில் கலவையில் எண்ணெய் பட்டால் கல் தேறாது என்பது எங்களுக்குத் தெரியும், அதனால்தான் இந்தச் சந்தேகம்.
— தரைக்கல் பட்டறைக்காரர், ஆத்தங்குடி

பதில்: ஐயா, கேள்வியிலேயே பாதிப் பதில் வந்துவிட்டது. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவை ஊற்றி, மேலே சிமென்ட்டும் மணலும் இட்டு அழுத்தி, பிறகு தொட்டித் தண்ணீரில் ஊறவிடுகிறீர்களே, அந்த ஊறலில்தான் சிமென்ட்டின் மணிகள் நீரை வாங்கிப் படிகம் வளர்த்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. எண்ணெய் அந்த மணிகளைச் சுற்றிப் படலமாகப் படிந்து நீரை அண்டவிடாது. ஆகவே எண்ணெயை நேராகச் சிமென்ட்டில் கலந்தால் கன அளவில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்வரைதான் தாங்கும். அதற்கு மேல் போனால் கட்டி வலுவிழக்கும், சில நாள் கழித்து எண்ணெய் மேலே வியர்த்து நிற்கும். பத்து டிரம் எண்ணெயைப் புதைக்கத் தொண்ணூறு டிரம் சிமென்ட்டுக் கட்டி தேவை என்றால், கழிவைக் குறைக்கப்போய்ப் பெருக்கிய கதையாகிவிடும்.

இதற்குச் செய்யும் உபாயம், எண்ணெயை முதலில் குழம்பாக்குவது. சோப்பு வகை வேதிப்பொருள் சேர்த்து எண்ணெயையும் நீரையும் வேகமாகக் கடைந்தால், எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாகப் பிரிந்து நீருக்குள் தொங்கும். அந்தக் குழம்பைச் சிமென்ட்டோடு கலக்கும்போது துளிகள் படிகங்களுக்கு இடையே சிறைப்பட்டுவிடும். இவ்வாறு ஏற்கும் அளவைக் கணிசமாக உயர்த்தலாம். ஆனால் ஒவ்வொரு எண்ணெய்க்கும் கலவை விகிதம் மாறும். டர்பைன் எண்ணெய்க்குச் சரியாக வந்த விகிதம், சேர்மங்கள் வேறாக உள்ள ஹைட்ராலிக் எண்ணெய்க்கு இறுகாமல் கொழகொழவென்று நிற்கலாம். ஒவ்வொரு தொகுதிக்கும் சிறு கட்டி வார்த்து, வாரக்கணக்கில் வைத்திருந்து, அழுத்தி உடைத்துப் பார்த்த பிறகே பெரிய டிரம்மில் கைவைக்க வேண்டும். தங்கள் பட்டறையில் புது வண்ணம் ஒன்றுக்கு முதலில் ஒரு கல் போட்டுப் பார்க்காமல் தொடங்கமாட்டீர்கள் அல்லவா, அந்த ஒழுங்குதான்.

இன்னொரு வழி, எண்ணெயைக் குடித்து வீங்கும் பாலிமர் மணிகளில் ஊற்றுவது. சிறிது நேரத்தில் அது ரப்பர் போன்ற திண்மமாகிவிடும், பிழிந்தாலும் எண்ணெய் எளிதில் வராது. கலக்கும் எந்திரம் வேண்டாம், டிரம்முக்குள்ளேயே வேலை முடியும். களிமண், வெர்மிகுலைட் என்னும் உறிஞ்சும் கனிமம் போன்றவற்றில் ஊறவைக்கும் பழைய முறையில், மேலே பாரம் ஏறினால் எண்ணெய் மீண்டும் வெளியேறும் என்பதால் அதன் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு.

புதைப்பிடத்தைப் பற்றியும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைத்து, கேட்டதாகவே எடுத்துக்கொள்கிறேன். நம் நாட்டில் அணுமின் நிலைய வளாகங்களிலேயே குறைந்த, இடைத்தரக் கழிவுக்கான மேல்மட்டப் புதைப்பிடங்கள் இருக்கின்றன. மிக லேசான திடக்கழிவுக்குக் கல் பாவிய பள்ளங்கள், அதற்கு மேல் உள்ளதற்கு வலுவூட்டிய கான்கிரீட் அகழிகள், இன்னும் வீரியமானதற்குத் தரையில் செங்குத்தாக இறக்கிய குழிகள் என்று படிநிலை உண்டு. சுற்றிலும் ஆழ்துளைக் குழாய்கள் போட்டு நிலத்தடி நீரை எடுத்துச் சோதித்துக்கொண்டே இருப்பார்கள். 300 ஆண்டுகள் வரை அந்த இடத்தைக் கண்காணிப்பில் வைப்பது என்பது திட்டம். சீசியம்-137 பத்து முறை பாதியாகி ஆயிரத்தில் ஒன்றாகும் காலம் அது. இந்த அகழிகளில் கட்டுக்கு அடங்காத திரவம் இருக்கக்கூடாது என்பது உலகெங்கும் உள்ள முதல் விதி. எண்ணெய் வெளியேறினால் தான் மட்டும் போகாது. பக்கத்து டிரம்மில் சிமென்ட்டில் கட்டுண்டு கிடக்கும் வேறு கழிவையும் இளக்கிக் கூட்டிக்கொண்டு போகக்கூடும்.

கேள்வி: எரித்தால் கதிரியக்கமும் எரிந்துவிடுமா? எங்கள் ஊரிலேயே மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. மின்சாரத்தால் எண்ணெயைச் சிதைத்துவிட முடியாதா?
— முதுநிலை வேதியியல் மாணவர், காரைக்குடி

பதில்: கதிரியக்கம் அணுக்கருவின் குணம், தீ எட்டுவது எலக்ட்ரான்கள் வரைதான். கோபால்ட்டை எவ்வளவு எரித்தாலும் அது கோபால்ட்டாகவே இருக்கும். எரிப்பதன் பயன் வேறு: எண்ணெயின் கார்பனும் ஹைட்ரஜனும் வாயுவாகவும் நீராவியாகவும் போய்விட, கோபால்ட், மாங்கனீஸ் போன்ற உலோகங்கள் கைப்பிடிச் சாம்பலில் ஒதுங்கிவிடுகின்றன. அந்தச் சாம்பலை நம் ஆத்தங்குடி வாசகர் கேட்டதுபோலச் சிமென்ட்டில் தாராளமாக இறுக்கலாம், எண்ணெய்க்கு இருந்த தடை சாம்பலுக்கு இல்லை. சீசியத்தில் ஒரு பகுதி சூட்டில் ஆவியாகிப் புகையோடு கிளம்பும். புகையைக் குளிரவைத்து, 0.3 மைக்ரான் துகளில் பத்தாயிரத்துக்கு மூன்றுக்கு மேல் விடாத வடிகட்டி வழியே அனுப்பிப் பிடிக்க வேண்டும். டிரிட்டியம் பிடிபடாது. அது நீராவியாகப் புகைபோக்கி வழியே போகத்தான் செய்யும். எனவே அதை எவ்வளவு விடலாம் என்று நிலையத்தின் ஆண்டு வெளியேற்ற வரம்புக்குள் வைத்துக் கணக்கிட வேண்டும். குளோரின் கலந்த எண்ணெயைச் சாதாரண உலையில் போடவே கூடாது, டையாக்சின் என்னும் கொடிய நச்சு உண்டாகும். தீப்பிடிக்காத பாஸ்பேட் வகை ஹைட்ராலிக் திரவம் எரிந்தால் பாஸ்பாரிக் அமிலமாகி உலையின் சுவரை அரிக்கும்.

அமெரிக்காவில் 1992-இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். அணுமின் நிலையத்தில் மாசுபட்ட மசகெண்ணெய், ஹைட்ராலிக் எண்ணெய் முதலியவற்றை அது உண்டான வளாகத்திலேயே எரிக்கலாம், எரிப்பதால் வெளியேறுவதையும் சேர்த்து நிலையத்தின் மொத்த வெளியேற்றம் முன்பிருந்த வரம்பைத் தாண்டக்கூடாது என்பது அதன் சாரம். ஒவ்வொரு முறையும் தனி அனுமதி கேட்டு நடந்த அலைச்சல் அதனால் முடிந்தது. பிரான்சு வேறு வழியில் போனது. மார்க்கூல் அருகே உள்ள சென்ட்ராக்கோ ஆலையில் பல நிலையங்களின் எண்ணெயையும் கரைப்பானையும் கொண்டுவந்து ஒரே இடத்தில் எரிக்கிறார்கள். சாலையில் டிரம்களை ஏற்றிக்கொண்டு அலைவதைவிட உண்டான இடத்திலேயே முடிப்பது நல்லது என்பது என் எண்ணம். ஆனால் ஆண்டுக்குச் சில டிரம்களே சேரும் நிலையத்துக்குத் தனி உலை கட்டுவது கட்டுப்படியாகாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மின்வேதியியலைப் பற்றிய கேள்வி என்னை மகிழ்வித்தது. வள்ளல் அழகப்பர் அளித்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 இலட்சம் ரூபாயிலும் எழுந்து, 1953-இல் திறக்கப்பட்ட அந்த ஆய்வகத்தின் நிழலில் படிக்கும் மாணவருக்கு இது தோன்றியதில் வியப்பில்லை. அப்படி ஒரு முறை உண்மையிலேயே இருக்கிறது. நைட்ரிக் அமிலத்தில் வெள்ளியை இரண்டாம் ஆக்சிஜனேற்ற நிலைக்கு மின்சாரத்தால் ஏற்றினால், அது கரிமப் பொருளை நூறு டிகிரிக்குக் கீழேயே கார்பன் டையாக்சைடாகச் சிதைத்துவிடும். பிரிட்டனின் டூன்ரே அணு ஆய்வு நிலையத்தில் இதை வளர்த்தெடுத்தார்கள்.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். எண்ணெயில் ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும் சேர்ந்த ஒவ்வொரு மெத்திலீன் தொகுதிக்கும் ஆறு எலக்ட்ரான்கள் எடுக்க வேண்டும். ஒரு கிலோவில் அப்படி ஏறத்தாழ 71 மோல். ஆக 430 ஃபாரடே, அதாவது 11,000 ஆம்பியர்-மணிக்கு மேல். கலத்துக்கு 3 வோல்ட் என்று குறைத்து வைத்தாலும் ஒரு கிலோ எண்ணெயை அழிக்க 34 யூனிட் மின்சாரம் செலவாகும். அதே கிலோவை எரித்தால் 12 யூனிட்டுக்கு இணையான வெப்பம் கையில் கிடைக்கும். புளூட்டோனியம் கலந்த கரைப்பானுக்கு அந்தச் செலவு தகும். லேசாக மாசுபட்ட டர்பைன் எண்ணெய்க்குத் தகாது.

கேள்வி: எங்கள் வீட்டுக் கருங்கல் தூண்களிலும் கதிரியக்கம் இருப்பதாகப் பேரன் பயமுறுத்துகிறான். உண்மையா?
— கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர்

பதில்: உண்மை, ஆனால் பயம் வேண்டாம் ஆச்சி. கருங்கல்லில் பொட்டாசியம்-40 மட்டுமே கிராமுக்கு ஒரு பெக்கரல் அளவில் இருப்பது வழக்கம். கோபால்ட்டுக்கு 0.1 என்றிருக்கையில் கல்லுக்கு இது எப்படிப் பொருந்தும் என்று பேரன் அடுத்துக் கேட்பான்: கோபால்ட்-60 ஒவ்வொரு சிதைவிலும் வலுவான இரண்டு காமாக் கதிர்களை விடுகிறது, பொட்டாசியம் பத்தில் ஒரு முறைதான் ஒன்றை விடுகிறது. தவிர, இயற்கைப் பொருள்களின் வரம்பை உலகத்து மண்ணில் இயல்பாக உள்ள அளவை ஒட்டி வகுத்தார்கள். இல்லையென்றால் மண்ணையே கழிவு என்று அறிவிக்க நேர்ந்திருக்கும்.

கேள்வி: ஒப்பந்த அடிப்படையில் டிரம்களைக் கையாளும் பணியில் சேர இருக்கிறேன். எண்ணெயைச் சுத்தம் செய்தே கதிரியக்கத்தை நீக்க முடியுமா? சில ஆண்டு வைத்திருந்தால் தானாகவே போய்விடும் என்கிறார்களே? மாதிரி எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
— ஐ.டி.ஐ. முடித்த இளைஞர், கோட்டையூர்

பதில்: தம்பி, இந்தக் கடிதங்களிலேயே வேலைக்கு நேரடியாக உதவும் கேள்வி உங்களுடையது.

டிரம்மை அசைக்காமல் சில வாரம் வைத்தால், வெண்ணெய் உருக்கிய சட்டியில் கசண்டு தங்குவதுபோல அடியில் துருநிறச் சகதியும் அதற்கு மேல் விரற்கடை நீரும் பிரிந்து நிற்கும். கோபால்ட்டும் மாங்கனீசும் பெரும்பாலும் அரிமானத் துகளோடு ஒட்டியிருப்பதால் சகதிக்குப் போய்விடும்; சீசியம் நீரில் கரைவதால் நீரோடு நிற்கும். மேலே தெளிந்த எண்ணெயில் மிஞ்சுவது பல சமயம் மிகக் குறைவு. அதை மட்டும் மேலிருந்து உறிஞ்சி, மைய விலக்கு எந்திரத்திலும் நுண்வடிகட்டியிலும் ஏற்றினால், எரிக்கவோ விடுவிக்கவோ தகுந்த நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். எண்ணெய் மூலக்கூறோடே இணைந்துவிட்ட டிரிட்டியம் மட்டும் இந்த வழிக்கு வராது.

இதனாலேயே மாதிரி எடுப்பதில் ஏமாற இடமுண்டு. டிரம்மின் மூடியைத் திறந்து மேலாக ஒரு குப்பியில் மொண்டால் சுத்தமான எண்ணெய் வரும், அறிக்கையும் சுத்தமாக வரும், சகதி அடியிலேயே இருக்கும். இரு முனையும் திறந்த நீண்ட குழாயை மெதுவாக அடிவரை இறக்கி, மேல்முனையை அடைத்துத் தூக்கினால், டிரம்மின் உயரம் முழுவதும் உள்ள அடுக்குகள் அப்படியே குழாயில் நிற்கும். அதுதான் மாதிரி. காமாக் கதிர் விடும் பொருள்களை ஜெர்மேனியம் அளவியில் வைத்துப் பார்ப்பார்கள். டிரிட்டியத்தை, கதிர் பட்டால் ஒளிரும் திரவத்தில் எண்ணெயைக் கலந்து, எழும் ஒளித்துளிகளை எண்ணிக் கண்டுபிடிக்க வேண்டும். கறுத்த எண்ணெய் அந்த ஒளியையே விழுங்கி அளவைக் குறைத்துக் காட்டும் என்பதால் திருத்தம் போடாத எண்ணை நம்பாதீர்கள். மிகவும் கறுத்திருந்தால் மாதிரியை எரித்து, அதில் பிறக்கும் நீரைச் சேகரித்து அளப்பதே சரி.

வைத்திருந்தால் போய்விடுமா என்பது எதை வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. கிராமுக்கு 0.5 பெக்கரலில் தொடங்கி 0.1-க்கு இறங்க, 312 நாளில் பாதியாகும் மாங்கனீசு-54 இரண்டே ஆண்டு எடுத்துக்கொள்ளும். 5.27 ஆண்டில் பாதியாகும் கோபால்ட்-60-க்குப் பன்னிரண்டு ஆண்டு. 30 ஆண்டில் பாதியாகும் சீசியம்-137-க்கு எழுபது. மாங்கனீசு டிரம்முக்குக் காத்திருப்பது புத்திசாலித்தனம். சீசியம் டிரம்முக்குக் காத்திருப்பவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் அதை அகற்ற வேண்டியிருக்கும். அதற்குள் இரும்பு டிரம் துருப்பிடித்து ஓட்டையாகிவிடும். ஆகவே சேரும்போதே எந்தப் பம்பில் வடித்தது, எந்தத் தேதி, என்ன வகை எண்ணெய் என்பதை டிரம்மில் அழியாத மையில் எழுதுங்கள். சந்தேகமில்லாத டர்பைன் எண்ணெயையும் உலைக்கட்டடத்து எண்ணெயையும் இடம் மிச்சம் என்று ஒரே டிரம்மில் ஊற்றும் பழக்கம் எங்கேனும் இருந்தால், அதை மேற்பார்வையாளரிடம் சொல்லி நிறுத்துங்கள். ஒரு லிட்டர் கலந்தால் இருநூறு லிட்டரும் கதிரியக்கக் கழிவுதான்.

டிரம்மை விளிம்புவரை நிரப்பாதீர்கள், கோடையில் எண்ணெய் விரிய மேலே இடம் வேண்டும். கொட்டகையின் தரையைச் சுற்றி வரப்பு இருக்க வேண்டும். உள்ளே இருப்பதில் மிகப் பெரிய டிரம் முழுவதும் கொட்டினாலும் வரப்புக்குள் நிற்க வேண்டும். மழைநீர் வடிகாலுக்கு அந்தத் தரையிலிருந்து வழி இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள், இருந்தால் அடைக்கச் சொல்லுங்கள். எண்ணெய் துடைத்த கந்தலைத் திறந்த கூடையில் குவிக்காமல் மூடியுள்ள இரும்புப் பெட்டியில் போடுங்கள். அதுவும் கதிரியக்கக் கழிவாகவே கணக்கில் ஏறும்.